யாரும் தட்டாத கேரவன்

டாசன் ஊருக்கு நாற்பது கிலோமீட்டர் கிழக்கே சாலை இரண்டாகப் பிரிகிறது. தெற்கே போனால் தார்ச்சாலை, ஊர்கள், ரோனாவின் வீடு. வடக்கே போனால் எழுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் சரளைக்கல். இறந்துபோன அப்பாவின் கேரவனை டாசனிலிருந்து வீட்டுக்கு ஓட்டிவரப் போவதாகச் சொல்லித்தான் அவள் ஆலையில் பத்து நாள் விடுப்பு வாங்கியிருந்தாள். ஜூன் முதல் புதன்கிழமை காலை அந்தப் பிரிவில் ஐந்து நிமிடம் நின்றாள். பிறகு வண்டியை வடக்கே திருப்பினாள்.

அவளுக்கு ஒரு கேள்விக்கு விடை வேண்டும். அப்பா எந்த நாளில் இறந்தார்?

போன செப்டம்பரில், இந்தச் சாலையின் வடபாதியில், பிரதேச எல்லையைத் தாண்டிப் பதினோராவது கிலோமீட்டரில் வண்டிகள் நிறுத்தும் ஓர் ஒதுக்கிடத்தில், இதே கேரவனுக்குள் வெண்டல் ஹல்வர்சன் இறந்து கிடந்தார். ஓட்டுநர் இருக்கையைப் பின்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். காலில் பூட்ஸ். அறுபத்து நான்கு வயது. இதயம். வியாழக்கிழமை நண்பகலில்தான் கண்டெடுத்தார்கள். செவ்வாய் மாலைக்கும் வியாழன் காலைக்கும் இடையில் மரணம் நிகழ்ந்திருக்கலாம் என்று அறிக்கை சொன்னது.

"எப்பன்னு தெரிஞ்சு என்ன பண்ணப்போற?" என்று அம்மா தொலைபேசியில் கேட்டாள். அவள் அப்பாவை விட்டுப் போய் இருபத்தைந்து வருடமாகிறது. தெற்கே பழத்தோட்டக்காரர் ஒருவரோடு இருக்கிறாள். "இதயம்தானே. வலி தெரிஞ்சிருக்காது."

செவ்வாய் என்றால் தெரிந்திருக்காது. வியாழன் என்றால் வலியோடு ஒன்றரை நாள். அந்த ஒன்றரை நாளில் அந்த வண்டியைத் தாண்டிப் போனவர்கள் குறைந்தது முப்பது பேர். ஒருவர்கூட நிற்கவில்லை.

நிற்காமல் போவது அந்தச் சாலையில் நடக்கிற காரியமல்ல. அடுத்த பெட்ரோல் பம்பு முந்நூற்று அறுபத்தொன்பதாவது கிலோமீட்டரில். நடுவில் வீடு இல்லை, கைபேசி வேலை செய்யாது. ஓரமாக ஒரு வண்டி நின்றால் பின்னால் வருகிறவன் நிறுத்துவான், இறங்குவான், கதவைத் தட்டுவான். பரம விரோதியின் வண்டியாக இருந்தாலும் தட்டுவான். திட்டுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். இன்றைக்கு நான் தட்டினால் நாளைக்கு எனக்கு ஒருவன் தட்டுவான் என்பது கணக்கு.

வெண்டலை முப்பது பேரும் தட்டாமல் போனதற்குக் காரணம் ஓர் ஆரஞ்சு நிறக் கூம்பு. சாலை வேலை நடக்கும் இடத்தில் வைப்பார்களே, அது. அந்தக் கூம்பு ரோனாவின் யோசனை.

*

முதல் நாள் இருநூற்று இருபது கிலோமீட்டர் ஓட்டினாள். இருபத்து நான்கடி நீள வண்டி. சரளையில் ஐம்பதைத் தாண்டினால் அலமாரிக்குள் தட்டுகள் ஆடின. அப்பா தட்டுகளுக்கு நடுவே பழைய காலுறைகளைச் செருகி வைத்திருந்தார். அவற்றை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

வலப்பக்கம் கறுத்த மலைகள், இடுக்குகளில் இன்னும் பனி. நூற்றுத் தொண்ணூற்றைந்தில் ஆற்றோரமாகச் சாலைத்துறையின் முகாம். வெண்டல் முதலில் வேலைக்குச் சேர்ந்தது அங்கேதான். சஸ்காச்சவானில் அவருடைய அப்பா கோதுமை நிலத்தை விற்ற வருடம், இருபத்தொரு வயதில், ஒரு பையோடு வந்து இறங்கினார். சாலை திறந்து இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. சரளையைச் சமன்படுத்தும் கிரேடர் இயந்திரத்தை ஓட்டத் தெரியுமா என்று மேஸ்திரி கேட்டாராம். தெரியும் என்றாராம். தெரியாது. ஒரு வாரம் சாலையை அலை அலையாகச் செதுக்கி வைத்தார். லாரிக்காரர்கள் அந்தப் பகுதிக்குக் கடல் என்று பேர் வைத்தார்கள். பதினைந்து வருடம் கழித்தும் அவரைப் பார்த்தால், "கடல் எப்படி இருக்கு, வெண்டல்?" என்பார்கள்.

முப்பத்தொன்பது வருடம் சரளையைச் சீவினார். கத்தியை இறக்கி, மணிக்கு ஆறு கிலோமீட்டரில் போவார். ஓரத்துக்குத் தள்ளிய கல்லை மறுநாள் நடுவுக்குக் கொண்டுவருவார். அடுத்த மழையில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். கரிபூ மான் கூட்டம் சாலையைக் கடக்கிற நாட்களில் இயந்திரத்தை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். எட்டு மணி நேரம்கூட ஆகும். பதிவேட்டில் 'இயந்திரக் கோளாறு' என்று எழுதுவார். ஒரு செப்டம்பரில் பதினான்கு நாள் இயந்திரக் கோளாறு. மேலிடத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மெக்கானிக்குக்கும் ஒன்று வந்தது. அதற்காக மெக்கானிக் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகளுக்கு முகாமிலிருந்து தொலைபேசி. பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள் என்பதால் ஐந்து நிமிடம். ஓய்வுபெற்று, சொந்தமாகக் கைபேசி வாங்கிய பிறகும் ஐந்து நிமிடம்தான். நாலரை நிமிடத்தில், "சரி, ஆள் நிக்குது" என்பார். யாரும் நிற்கவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மறுநாள், இருநூற்று நாற்பதைத் தாண்டியதும் பின்சக்கரம் ஒன்று போனது. அந்தப் பகுதியின் கல் பலகை பலகையாக உடைந்து கத்திபோல் நிற்கும். அவள் ஜாக்கியை வைத்து ஏற்றிக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் லாரி ஒன்று வேகத்தைக் குறைத்து நின்றது. நீளமான ஆள், நரைத்த ஜடை, கையில் ஸ்பானர்.

"எழுந்திரு, எழுந்திரு. இந்த ஜாக்கி இந்த வண்டியத் தாங்காது. வெண்டல்கிட்ட நூறு தடவ சொல்லியாச்சு." அவர் குனிந்து தன் ஜாக்கியைச் செருகினார். "நீ அந்த ஆலைல வேல பாக்குற பொண்ணு. ரோனா."

"ஆமா. உங்களுக்கு..."

"ஹார்லன். உங்கப்பன் உன் போட்டோவ எனக்கு அறுபது தடவ காட்டியிருக்கான். ஹெல்மெட் போட்டுக்கிட்டு, குழாய் மேல உக்காந்திருப்பியே. ஒரே போட்டோதான். புதுசு அனுப்ப மாட்டாளாடான்னு கேப்பேன்."

அவள் மாற்றுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தாள். அவர் நட்டுகளைக் கழற்றினார்.

"தூரத்துல இந்த வண்டி நிக்கிறதப் பாத்ததும் கால் தானா பிரேக்குல போயிருச்சு. பின்னாடி கூம்பு இருக்கான்னுதான் மொதல்ல பாத்தேன். பழக்கம்."

"செப்டம்பர்லயும் பாத்தீங்களா?"

அவர் கை நின்றது.

"செவ்வாக்கெழம சாயங்காலம், நாலு மணிக்கு வடக்க போனேன். வெளியில நாற்காலி போட்டு உக்காந்திருந்தான். ஹாரன் அடிச்சேன், கப்பத் தூக்கிக் காட்டினான். மறுநாள் பதினோரு மணிக்குத் திரும்பி வந்தேன். வண்டி அதே எடத்துல. நாற்காலி மடிச்சு உள்ள போயிருந்துச்சு. கூம்பு நேரா நின்னுச்சு. ராத்திரி அப்படி ஒரு காத்து, அதுக்கு ஒரு கல்ல வேற தூக்கி அடிக்கட்டைல வச்சிருந்தான். சரி, ஆளு தெம்பாத்தான் இருக்கான்னு நெனச்சேன்." ஸ்பானர் மறுபடி சுழன்றது. "நீ கேக்கலேன்னாலும் சொல்லியிருப்பேன்."

"புதன் பதினோரு மணிக்குக் கல் இருந்துச்சா? நல்லா ஞாபகம் இருக்கா?"

"ஒன்பது மாசமா அத மட்டும்தான் ஞாபகம் வச்சிருக்கேன், கண்ணு."

சக்கரத்தை மாட்டி முடித்ததும் அவள் நன்றி சொன்னாள். அவர் கையை உதறிவிட்டு லாரியில் ஏறினார்.

*

அவளைத் தூங்கவிடாமல் வைத்திருந்தது அந்தக் கல்தான்.

காவல்துறை எடுத்த புகைப்படத்தில் கேரவனுக்குப் பின்னால் மூன்றடி தள்ளிக் கூம்பு நிற்கிறது. அதன் சதுர அடிப்பாகத்தின் மேல் தட்டையான கருங்கல் ஒன்று. அந்த வாரத்துக் காற்றின் பதிவை வானிலை நிலையத்திலிருந்து வரவழைத்தாள். செவ்வாய் இரவு பதினொன்றிலிருந்து விடியற்காலை நான்குவரை மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டருக்கு மேல். அதே மாதிரிக் கூம்பு ஒன்றை வாங்கி எடைபோட்டாள். இரண்டேகால் கிலோ. ஆலையின் பெரிய விசிறிக்கு முன்னால் வைத்தும் பார்த்தாள். ஐம்பதிலேயே சாய்ந்து உருண்டது. அதே அளவுக் கல்லை வைத்தும் பார்த்தாள், எண்பதைத் தாங்கவில்லை.

அப்படியானால் அந்த இரவில் கூம்பு நின்றிருக்க முடியாது. காற்று ஓய்ந்த பிறகு ஒருவர் அதை எடுத்து நிறுத்தி, கல்லும் வைத்திருக்கிறார். அப்பாவின் காலில் பூட்ஸ் இருந்தது. புதன் காலை இறங்கிப்போய்க் கல்லைத் தூக்கி வைத்துவிட்டு, மூச்சு வாங்க உள்ளே வந்து உட்கார்ந்து, அதன்பிறகு எழுந்திருக்கவே முடியாமல் போய்... ஒவ்வொரு வண்டி கடக்கும்போதும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு...

அவள் கருவி நுட்பர். எரிவாயு ஆலையில் அழுத்தமானிகளும் அபாயமணிகளும் அவள் பொறுப்பு. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே ஒன்றைச் சொல்லிக் கொடுப்பாள். மானி சைபர் காட்டும்போதும் கம்பியில் கொஞ்சம் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கம்பி அறுந்தால் அதுவும் நின்றுபோகும், உடனே தெரிந்துவிடும். உயிருள்ள கம்பியும் செத்த கம்பியும் ஒரே செய்தியைச் சொல்லக் கூடாது.

கூம்பு யோசனையை அவள் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐந்து நிமிடத்துக்குள். அப்பா அப்போதுதான் ஓய்வுபெற்று, ஊர் ஊராகச் சுற்றப்போகிறேன் என்று கேரவன் வாங்கியிருந்தார். வாங்கிய வண்டியை ஓட்டிக்கொண்டு முப்பத்தொன்பது வருடம் இருந்த அதே சாலைக்கே திரும்பவும் போனார். ஒதுக்கிடங்களில் இரண்டு நாள், மூன்று நாள் நிற்பார்.

"ஒரு நாளைக்குப் பதினோரு பேரு தட்டுறான். முப்பத்தொம்பது வருஷம் அஞ்சு மணிக்கு எழுந்தவன் நான், இனிமே எட்டு மணிக்கு முன்னாடி எழ மாட்டேன்னு சபதம் போட்டிருக்கேன். ஆறரைக்கு ஒருத்தன் தட்டுறான். நான் செத்துட்டேனான்னு பாக்க வர்றான். இல்லடான்னு சொன்னா அவன் மூஞ்சில ஒரு ஏமாத்தம்."

"வண்டிக்குப் பின்னாடி ஒரு கூம்பு வைங்கப்பா. கூம்பு நின்னா நான் நல்லா இருக்கேன், எழுப்பாதேன்னு அர்த்தம். முகாம்ல சொல்லிடுங்க, லாரிக்காரங்களுக்குப் பரவிரும்."

"அட. மூளைடி உனக்கு. சரி, ஆள் நிக்குது."

பரவியது. அப்பா நிம்மதியாகத் தூங்கினார். ஒருமுறை வைத்தால் வைத்தவர் செத்தாலும் அப்படியே நிற்கும் அடையாளம் அது என்பது அவளுக்குத் தோன்றவேயில்லை. வியாழக்கிழமை கதவைத் தட்டியவர்கள் இரண்டு ஜெர்மானியர்கள், சைக்கிளில் வந்தவர்கள். கூம்புக்கு அர்த்தம் தெரியாததால் தட்டினார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்க.

*

இரண்டாம் நாள் மாலை நடுவழி விடுதிக்கு வந்து சேர்ந்தாள். சூரியன் மறையாத மாதம். மாலை என்பதெல்லாம் கடிகாரத்தில்தான். சமையலறையும் கல்லாவும் பெட்ரோல் பம்பும் டார்லா ஒருத்தியின் கையில். வாசலில் கேரவன் வந்து நின்றதைப் பார்த்ததும் அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"உக்காரு, செல்லம். எதுவும் பேசாத, மொதல்ல சாப்பிடு." கரிபூ இறைச்சிக் குழம்பும் ரொட்டியும் வந்தன. "உங்கப்பா உக்கார்ற எடம் அது இல்ல. அதோ, ஜன்னலுக்குப் பக்கத்துல. அங்கேருந்தே சைலஸ் ஓட்டுற ரோட்டப் பத்திக் குத்தம் சொல்லுவாரு."

சைலஸ் எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கிரேடர்காரர், ஆற்றங்கரை ஊரைச் சேர்ந்த குவிச்சின் பழங்குடி மனிதர். வெண்டல் கடைசிப் பதினெட்டு வருடமும் இந்தப் பக்கத்துக் கிரேடர். இரண்டு பேரின் வேலையும் எல்லைக்கோட்டில் முடியும். அங்கே இயந்திரத்தைத் திருப்பும்போது இருவரும் கத்தியைக் கொஞ்சம் முன்னதாகவே தூக்கிவிடுவார்கள். நடுவில் ஒரு மீட்டர் அகலத்துக்கு யாரும் சீவாத மேடு. அது உன்னுது என்று இவர், உன்னுது என்று அவர். பதினெட்டு வருடம் அதன் பக்கத்தில் நின்று தேநீர் குடித்தார்கள், யாரும் சீவவில்லை. சுற்றுலாக்காரர்கள் அது எல்லையைக் காட்டப் போட்ட வேகத்தடை என்று நினைத்து மரியாதையாக ஏறி இறங்குவார்கள். ஓய்வுபெற்ற பிறகு வெண்டல் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவது சைலஸ் ஓட்டும் சாலையில்தான். சொந்தச் சாலையில் நின்றால் குழிகள் கண்ணில் பட்டுத் தூக்கம் வராது, அடுத்தவன் குழியைப் பார்த்தால் நன்றாக வரும் என்பார்.

"அந்த வாரம் அங்க சைலஸ்தான் ஓட்டினாரா?" என்று ரோனா கேட்டாள்.

"ஆமா."

"குளிர்காலத்துல அவரோட முகாமுக்கு ஏழு தடவ போன் பண்ணினேன். வேலைல இருக்காருன்னே சொன்னாங்க."

டார்லா மேசையைத் துடைத்தாள். சுத்தமாக இருந்த மேசை.

"இங்க சாப்பிட வர்றதையும் நிறுத்திட்டான். நூறு கிலோமீட்டர் தள்ளி நின்னு டப்பாச் சாப்பாடு சாப்பிடுறான். என் சமையல் அவ்வளவு மோசம் இல்ல, செல்லம்." துணியைப் பிழிந்துகொண்டே, "அவன்கிட்ட எதக் கேட்டாலும், அடிக்கிற மாதிரிக் கேக்காத" என்றாள்.

"அவர அடிக்க எனக்கு என்ன யோக்கியத?"

டார்லா அவளை நிமிர்ந்து பார்த்தாள். துணியைத் தோளில் போட்டாள். இன்னொரு ரொட்டியை எடுத்து வைத்தாள்.

*

மூன்றாம் நாள் எல்லைக்கோட்டைத் தாண்டினாள். வண்டி அந்த மேட்டில் ஏறி இறங்கியது. அலமாரியில் தட்டுகள் சத்தமிடவில்லை.

பதினோராவது கிலோமீட்டர் ஒதுக்கிடம் காலியாக இருந்தது. கல், பாசி, சரிவில் குட்டை வில்லோச் செடிகள். அவள் நிறுத்தவில்லை. இருபதாவது கிலோமீட்டரில், ஏற்றத்தின் உச்சியில், மஞ்சள் நிறத்தில் கிரேடர் வருவது தெரிந்தது. இரண்டு பக்கமும் பள்ளம், ஒதுங்க வழியில்லை. அதுவும் வந்தது, அவளும் போனாள். ஐம்பதடி இடைவெளியில் கத்தி மேலே எழுந்தது. இயந்திரம் அணைந்தது.

குள்ளமான மனிதர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இறங்கினார். கொசு மொய்த்தது, ஓட்டவில்லை.

"வெண்டல் மக."

"ஆமா. நீங்க சைலஸ்."

"வருவேன்னு தெரியும். ஆத்துல பனி ஒடஞ்சு வண்டி ஏத்துற படகு விட்டதுமே வருவேன்னு நெனச்சேன். ஒரு வாரம் லேட்டு."

"லீவு கெடைக்கல."

அவர் தலையாட்டினார். கிரேடரின் படியிலிருந்து குடுவையை எடுத்துத் தேநீர் ஊற்றி நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். இருவரும் கேரவனின் நிழலில் நின்றார்கள்.

"ஒன்னு மட்டும் கேக்கணும்," என்றாள். "புதன்கெழம காலைல கூம்புல கல் இருந்துச்சு. அத அப்பா வச்சாரான்னு தெரியணும். அவர் வச்சிருந்தா அன்னிக்கு உயிரோட இருந்திருக்காரு. வியாழன் வரைக்கும்கூட இருந்திருக்கலாம். எனக்கு வேற எதுவும் வேணாம். நீங்க ஏதாவது பாத்தீங்களா?"

சைலஸ் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"நான்தான் வச்சேன்."

காற்றில்லை. கொசுக்களின் சத்தம் மட்டும்.

"ஏழு மணி பத்து நிமிஷம். மொத சீவு. கூம்பு பள்ளத்துல உருண்டு கெடந்துச்சு. மிஷின நிறுத்தி எறங்கினேன். தூங்கட்டும், எவனாவது தட்டிருவான்னு, எடுத்துட்டு வந்து நிக்க வச்சேன். மறுபடி விழக்கூடாதுன்னு கல்லத் தூக்கி வச்சேன்." அவர் குரல் மாறவேயில்லை. "கதவுக்கும் எனக்கும் அஞ்சடி. சத்தம் போடாம நடந்து போனேன். அவனுக்கு ஒபகாரம் பண்றதா நெனப்பு. அன்னிக்கு இன்னும் ஒரு தடவ போனேன். வியாழக்கெழம ஒரு தடவ. கல்லப் பாத்துட்டே போனேன்."

ரோனா தேநீர்க் கோப்பையைப் படியில் வைத்தாள்.  மூளை ஓடத் தொடங்கியிருந்தது. அது அவள் தொழில், நிறுத்த முடியாது.

"கிட்டப் போனீங்க. கண்ணாடி எப்படி இருந்துச்சு?"

"என்ன?"

"வண்டிக் கண்ணாடி. குளிர் எவ்வளவு?"

"மைனஸ் நாலு. கண்ணாடி..." அவர் யோசித்தார். யோசிக்கிறபோதே முகம் மாறியது. "கண்ணாடி தெளிவா இருந்துச்சு. முன்னாடி திரை போட்டிருந்துச்சு, ஆனா சைடுல அடுப்பு மேல கெட்டில் தெரிஞ்சுது. அவனோட பச்ச கெட்டில்."

"ஆவி படியல? உள்பக்கம் பனி ஒட்டல?"

"இல்ல."

"ஹீட்டர் குழாய்ல பொகை?"

"இல்ல. இருந்தா அந்தக் குளிர்ல வெள்ளையாத் தெரியும். இல்ல."

மைனஸ் நாலில் மூடிய வண்டிக்குள் ஒருவர் இரவெல்லாம் மூச்சுவிட்டால் காலையில் கண்ணாடி வெள்ளையாக இருக்கும். அந்த நாட்டில் பிறந்த எல்லாருக்கும் இது தெரியும். அப்பா எட்டு மணிக்கு முன் எழ மாட்டார். ஏழு பத்துக்குக் கண்ணாடி தெளிவாக இருந்திருக்கிறது. குளிர் சைபரைத் தொடும்போது ஹீட்டரைப் போடுவார். அதற்கு ஒரு நிமிடம் முன்னாலும் போட மாட்டார், அவ்வளவு கஞ்சம். செவ்வாய் இரவு பத்து மணிக்குச் சைபர். அவர் போடவில்லை. நாலு மணிக்குக் கப்பைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். நாற்காலியை மடித்து உள்ளே வைத்திருக்கிறார். உட்கார்ந்திருக்கிறார். பூட்ஸைக் கழற்றவில்லை.

அவர் பூட்ஸோடு உள்ளே உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. தரையில் கல் கொட்டும் என்று வாசலிலேயே கழற்ற வைப்பார். மகளையும்தான்.

"செவ்வாக்கெழம சாயங்காலம்," என்றாள். "உள்ள வந்து உக்காந்திருக்காரு. பூட்ஸக் கழட்டக்கூட நேரம் இல்ல. நீங்க வந்தப்ப அவர் இல்ல."

சைலஸ் பள்ளத்தின் பக்கம் திரும்பி நின்றார். "தட்டியிருந்தா?" என்றார்.

"தட்டியிருந்தாலும்."

"நிச்சயமா?"

"நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு."

"மீதி அஞ்சு?"

"அத என்னாலயும் தீக்க முடியல."

அவர் மெல்லத் தலையாட்டினார். "நான் தட்டல. அது அப்படியேதான் இருக்கு. அவன் இருந்தானா இல்லையா, அது வேற. அஞ்சடில நின்னு தட்டாம வந்தேன்."

ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று அவளுக்குத் தோன்றியது. பொய்யாக இருந்திருக்கும்.

"ஆமா. தட்டியிருக்கணும்," என்றாள். பிறகு, ஒன்பது மாதம் யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். "அந்தக் கூம்பு என் யோசன. அப்பாவோடது இல்ல. நான் சொல்லிக் குடுத்தது. ஆலைல ஒரு பய இப்படி ஒரு அலாரம் மாட்டியிருந்தா வேலைய விட்டே அனுப்பியிருப்பேன்."

சைலஸ் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வியப்பு இல்லை.

"தெரியும், பொண்ணே."

"எப்படி?"

"இந்த ரோட்டுல யாருக்குத் தெரியாது? நாலு வருஷமா எவன் கெடச்சாலும் சொல்லுவான். எம் மக கண்டுபிடிச்சது, ஆலையில பெரிய ஆளு, ரெண்டு நிமிஷத்துல தீத்து வச்சுட்டான்னு. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு." அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். "அதனாலதான் நீ போன் பண்ணினப்ப எடுக்கல. நான் சொன்னா, நீ உன்னையேதான் குத்தம் சொல்லிக்குவன்னு தெரியும்."

டார்லாவுக்கும் தெரிந்திருக்கிறது. ஹார்லனுக்கும். அந்தச் சாலை முழுக்க எல்லாருக்கும் தெரியும். யாரும் அவள் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. இரண்டு கைகளாலும் வண்டியின் பக்கக் கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சைலஸ் பக்கத்தில் வரவில்லை, விலகவும் இல்லை. குடுவையை மூடினார். ஒரு துண்டு உலர்ந்த மீனைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் படியில் அவள் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டபோது அவர் கேட்டார்: "எங்க ஊருக்கா போற? ஆத்துல தண்ணி ஏறியிருக்கு. படகு இன்னிக்கு விட மாட்டான்."

"இல்ல. இதுக்குத்தான் வந்தேன். திரும்பணும்."

அவர் சாலையின் அகலத்தையும் வண்டியின் நீளத்தையும் பார்த்தார். ஓரத்தில் அன்று காலை தள்ளி வைத்திருந்த சரளை முழங்காலுயரத்துக்கு வரிசையாகக் கிடந்தது. கிரேடரில் ஏறிக் கத்தியை இறக்கி, அந்த வரிசையை நாற்பதடி நீளத்துக்குப் பரப்பி அமுக்கினார். இரண்டு மணி நேர வேலை வீண். பிறகு இறங்கி வந்து, வண்டிக்குப் பின்னால், பள்ளத்தின் விளிம்பில் நின்றுகொண்டார்.

"நான் சொல்றப்ப மட்டும் வா. என் கை தெரியலேன்னா நிறுத்து."

அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். பின்கியரைப் போட்டாள். பக்கக் கண்ணாடியில் அவர் கை தெரிந்தது. வா, வா, இன்னும் கொஞ்சம். பின்சக்கரம் விளிம்பை நெருங்கக் கல் சரிந்து உருளும் சத்தம். கை மேலே எழுந்து நின்றது. நிறுத்தினாள். முன்னால் ஓட்டி, திருகி, மறுபடி பின்னால். ஐந்து முறை அப்படிப் போய் வந்து வண்டி தெற்கே பார்த்து நின்றது.

சைலஸ் கதவோரம் வந்து, உள்ளே பார்க்காமல், "அந்த எடது பின்சக்கரத்துல காத்து கம்மியா இருக்கு. டார்லாகிட்ட அடிச்சுக்க," என்றார்.

"சரி. நீங்களும் அங்க வந்து சாப்பிடுங்க. திட்டிக்கிட்டே இருக்காங்க."

அவர் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார். கிரேடரை நோக்கி நடந்தார். அவள் கிளம்பினாள். பதினோராவது கிலோமீட்டரில் வேகத்தைக் குறைத்தாள். நிறுத்தத் தோன்றவில்லை. தெற்கே இன்னும் இரண்டாயிரம் கிலோமீட்டர் இருந்தது.